கிளாப்டன் ஸ்ட்ராட்டா, ஜெஃப் பெக் ஸ்ட்ராட்டா: ராகமும் பிளூஸும் வாசிக்கும் ஒருவருக்கு எது பொருந்தும்?

கார்வை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிடார் கலைஞர்களின் பெயரில் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட இரண்டு சிக்னேச்சர் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மின்கிடார்களில் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். எதை வாங்குவது என்பதில்தான் உங்கள் கருத்தை நாடுகிறேன். ஒன்று எரிக் கிளாப்டன் பெயரில் வந்தது. மற்றொன்று ஜெஃப் பெக் பெயரில் வந்தது. இரண்டுமே வேறொருவர் பயன்படுத்தியவை, இரண்டுமே 2001க்குப் பிறகு செய்யப்பட்டவை, விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே பணத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியவில்லை.

நான் முதலில் வாய்ப்பாட்டு கற்றவன். கிடாரில் ஆலாபனையும் சில கீர்த்தனைகளும் வாசிக்கிறேன். டிரம்ஸ், பேஸ் ஆகியவற்றுடன் ஒரு மூவர் குழுவில் பிளூஸும் வாசிக்கிறேன். இரண்டையும் ஒரே கருவியில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். யாருடைய பெயர் தலைப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை. கருவி என் கைக்கு என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுந்தந்தி எழுதியது:

வணக்கம் கார்வை. பெயர் முக்கியமில்லை என்கிறீர்கள். ஆனால் இந்த இரண்டு கருவிகளைப் பொறுத்தவரை, பெயருக்குரியவர் எப்படி வாசித்தார் என்பதை அறிந்தால்தான் கருவி ஏன் அவ்வாறு அமைந்தது என்பது விளங்கும். 1965இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவிலிருந்து கிளாப்டன் விலகியபோது அவர் இடத்துக்கு வந்தவர் ஜெஃப் பெக். ஒரே குழுவில் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த இருவரும் பின்னாளில் ஸ்ட்ராடோகாஸ்டரிடம் கேட்டவை ஏறத்தாழ நேரெதிரானவை.

கிளாப்டன் பல ஆண்டுகள் வாசித்த 'பிளாக்கி' என்ற கருப்பு நிறக் கிடார், 1970இல் அவர் நாஷ்வில் நகரில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. 2004இல் ஏலத்தில் 9,59,500 டாலருக்கு விற்கப்பட்டதும் அதுதான். அது தேய்ந்து ஓய்வுபெற்ற பிறகு, அதன் நெக்கின் (இடக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதியின்) வடிவத்தைப் புதிதாகச் செய்து தர வேண்டும் என்பதும், கிப்சன் கிடார்களில் கிடைப்பது போன்ற தடித்த நடுத்தர ஒலி ஸ்ட்ராட்டிலும் வேண்டும் என்பதும் அவருடைய தேவைகளாக இருந்தன. கலைஞர்களின் பெயரில் ஃபெண்டர் வெளியிட்ட வரிசையின் தொடக்கத்திலேயே, 1988இல், அந்த மாடல் வந்தது. முழுவதும் மேப்பிள் மரத்தாலான நெக், அதன் பின்புறம் மென்மையான 'வி' வடிவம், 25 டெசிபல் வரை நடுத்தர ஒலியை உயர்த்தும் மின்சுற்று, அசையாதபடி மரத்துண்டு வைத்துக் கட்டப்பட்ட பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) ஆகியவை அதன் அடையாளங்கள்.

பெக் மாடல் 1991இல் வந்தது. தொடக்கத்தில் அதன் நெக் மிகவும் தடிமனாக இருந்தது. 2001இல் அதை மெலிந்த 'சி' வடிவத்துக்கு மாற்றினார்கள். அதே ஆண்டில் இரு மாடல்களிலும் இருந்த லேஸ் சென்சார் வகைப் பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் காந்தச் சுருள்கள்) நீக்கப்பட்டு, கிளாப்டனுக்கு வின்டேஜ் நாய்ஸ்லெஸ் வகையும் பெக்குக்கு ஹாட் நாய்ஸ்லெஸ் வகையும் பொருத்தப்பட்டன. பெக் மாடலில் மின்கலம் இல்லை, உயர்த்தும் சுற்றும் இல்லை. அதற்குப் பதிலாக, இரு முனைகளில் தாங்கி மிதக்கும் பிரிட்ஜ், கம்பியைப் பூட்டும் ட்யூனர்கள் (சுருதி முறுக்கும் ஆணிகள்), ஒவ்வொரு கம்பிக்கும் சிறு எஃகுக் குண்டுகள் வைத்த எல்எஸ்ஆர் ரோலர் நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் கடந்து செல்லும் தாங்கி) ஆகியவை இருக்கின்றன. கம்பி எங்கும் உராயாமல் நகர்ந்து, மீண்டும் அதே சுரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே இவை அனைத்தின் நோக்கம்.

கிளாப்டன் பிரிட்ஜை அசையவே விடவில்லை. பெக்கோ தம் இசையின் பெரும்பகுதியை அந்த அசைவிலிருந்தே எடுத்தார். உங்களுடைய கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

ஜாரு எழுதியது:

ராகம் வாசிப்பவருக்குப் பெக் மாடல்தான் பொருந்தும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பெக் 1980களிலிருந்து பிக் இல்லாமல் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் வாசித்தவர். பிரிட்ஜை அசைக்கும் பார் என்ற கைப்பிடி எப்போதும் அவருடைய உள்ளங்கையிலேயே இருக்கும். சுண்டுவிரல் வால்யூம் குமிழின் மேல் இருக்கும். 2001இல் வந்த தம் இசைத்தொகுப்பில், இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் ஒரு பாடலில் பெண்குரல் பாடிய வரிகளை அவர் கிடாரில் வாசித்திருக்கிறார். சுரத்திலிருந்து சுரத்துக்குக் குரல் வழுக்கிச் செல்லும் அந்த இடங்களைக் கேட்டுப் பாருங்கள். ஃபிரெட் (விரல் பலகையின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) என்ற ஒன்று இருப்பதே காதுக்குத் தெரியாது. வாய்ப்பாட்டு கற்ற ஒருவர் கிடாரில் எதைத் தேடுவாரோ, அது அங்கே இருக்கிறது.

கம்பியை விரலால் இழுத்து வளைத்தால் சுரம் மேலே மட்டும்தான் போகும். மிதக்கும் பிரிட்ஜில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் போகலாம். இறங்கும் ஜாருவை, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவதை, இயல்பாக வாசிக்க வேறு என்ன வழி இருக்கிறது?

பட்டறை எழுதியது:

நான் கிடார்களைப் பழுது பார்த்துச் செப்பனிடும் தொழிலில் இருப்பவன். ஜாரு அவர்கள் சொல்வதை மறுப்பதற்காக எழுதவில்லை. பெக் அவர்களின் வாசிப்பைக் கேட்டுக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் மிதக்கும் பிரிட்ஜ் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கர்நாடக இசைக்காக அதை வாங்கக் கூடாது.

அந்த பிரிட்ஜ் ஒரு துலாக்கோல். ஒரு பக்கம் ஆறு கம்பிகளின் இழுவிசை. மறுபக்கம், உடலின் பின்புறப் பள்ளத்தில் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுவிசை. இரண்டும் சமமாக இருக்கும்போது பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மி.மீ. உயர்ந்து நிற்கும். எந்த ஒரு கம்பியின் இழுவிசை மாறினாலும் பிரிட்ஜ் சாய்கிறது, அதனால் மற்ற ஐந்து கம்பிகளின் சுரமும் மாறுகிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

நீங்கள் ஒரு கம்பியை இடக்கையால் வளைக்கும்போது பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்வதால், மற்ற கம்பிகள் காதுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கும். சட்ஜத்தையோ பஞ்சமத்தையோ திறந்த கம்பியில் ஒலிக்கவிட்டபடி மேலே கமகம் பிடித்தால் சுருதி தள்ளாடும். மேலும், பிரிட்ஜ் விட்டுக்கொடுப்பதால், அதே சுரத்தை எட்டுவதற்குக் கம்பியை அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும். தோடியின் காந்தாரம் போல ரிஷபத்திலிருந்து மத்திமம் வரை அசையும் இடங்களில் இந்தக் கூடுதல் தூரம் விரலுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்து, பாரைக் கொண்டு கமகம் பிடித்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து அசையும். சுருதிக் கம்பி மட்டும் தனியே நிற்காது. அது மட்டுமன்று. பாரை ஒரே அளவு இழுத்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு உயர்வதுமில்லை. மூன்றாம் கம்பி அதிகமாக உயரும், முதல் கம்பி மிகக் குறைவாக உயரும். ஆகவே ஒரு கம்பியில் பழகிய கையசைவு அடுத்த கம்பிக்கு உதவாது. ஒவ்வொரு கம்பிக்கும் கையைத் தனித்தனியாகப் பழக்க வேண்டும். பெக் அதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். 2023 ஜனவரியில் அவர் மறைந்தபோது அந்தக் கையும் போய்விட்டது. கருவியை வாங்குவதால் அது நமக்கு வந்துவிடாது.

மூன்றாவது, மேடையில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் உடனே உயர்ந்துவிடும். அந்தப் பாட்டை முடிப்பதே கடினம். மரத்துண்டு வைத்துக் கட்டிய கிளாப்டன் பிரிட்ஜில் இந்த மூன்று தொல்லைகளும் இல்லை.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான், கார்வை. கமகத்தை இதுவரை எந்தக் கையால் பிடித்து வருகிறீர்கள்? சுருதியை உங்களுக்கு வேறு ஏதேனும் தருகிறதா, அல்லது நீங்களே கிடாரில் வைத்துக்கொள்கிறீர்களா? கம்பிகளின் சுருதியை நிகழ்ச்சிக்கு நடுவே மாற்றுவது உண்டா?

மேடைப்பக்கம் எழுதியது:

ஒலி அமைப்பாளன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டிலும் உள்ள பிக்கப்கள் இரைச்சலைக் கட்டுப்படுத்துபவை. ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்த இரு சுருள்களால், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நீக்கிக்கொள்பவை. கிளாப்டன் மாடலுக்கு அது இன்றியமையாதது. 25 டெசிபல் உயர்த்தும்போது சாதாரணப் பிக்கப்பின் இரைச்சலும் சேர்ந்தே உயர்ந்துவிடும் அல்லவா?

கிளாப்டன் மாடலில் சுற்று எப்போதும் வழியில் இருப்பதால், நீண்ட கேபிள் போட்டாலும் மேல் ஒலி மங்காது. அதே காரணத்தால் 9 வோல்ட் மின்கலம் தீர்ந்துபோனால் கிடார் பேசாது. தவிர்த்துச் செல்லும் மாற்றுவழி அதில் இல்லை. வாசித்து முடித்தவுடன் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும், பையில் ஒரு புதிய மின்கலம் எப்போதும் இருக்க வேண்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய வகை ஃபஸ் பெடல் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கவனியுங்கள். வால்யூமைக் குறைத்து அந்தப் பெடலைத் தெளிவான ஒலிக்குக் கொண்டுவரும் வித்தை, பெக் மாடல் போன்ற மின்கலமில்லாத கிடாரில்தான் நன்றாக வரும்.

கார்வை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பட்டறை ஐயா கேட்டவற்றுக்கு விடை சொல்கிறேன்.

கமகத்தை இடக்கையால்தான் பிடிக்கிறேன். மேடையில் சுருதிப்பெட்டி வைப்பதில்லை. மூவர் குழுவாக இருப்பதால் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் திறந்த கம்பிகளில் நானே தொட்டுக்கொண்டு வாசிக்கிறேன். ராகம் வாசிக்கும்போது இரண்டு கட்டை சுருதி வைத்து, ஒன்றாம், இரண்டாம், ஆறாம் கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்குவேன். அப்போது மூன்றாம் கம்பி மத்திமத்தில் நிற்க, மற்றவை எல்லாம் சட்ஜமும் பஞ்சமமுமாக அமையும். பிளூஸுக்குப் போகும்போது வழக்கமான சுருதிக்குத் திரும்புவேன். ஒரே நிகழ்ச்சியில் இந்த மாற்றம் நிகழும்.

ஆனால் ஜாரு அவர்கள் சொன்ன அந்த இறங்கும் வழுக்கல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தப் பதிவைக் கேட்டபோது, நான் பாடிப் பழகியது அதுதான் என்று தோன்றியது. இதை எப்படி விட்டுக்கொடுப்பது?

பட்டறை எழுதியது:

மூன்று கம்பிகளை இறக்குகிறீர்கள் என்றால், மிதக்கும் பிரிட்ஜில் மற்ற மூன்றும் ஏறிவிடும்; அவற்றைச் சரிசெய்தால் முதலில் இறக்கியவை மீண்டும் நகரும். ஒரு நிகழ்ச்சிக்கு நடுவே இதைச் செய்ய முடியாது. உங்களுக்கு அசையாத பிரிட்ஜ் வேண்டும் என்பது இதனால் உறுதியாகிறது.

ஆனாலும் இதற்கு நேரடியான விடை கிளாப்டன் மாடல் என்று நான் உடனே சொல்லமாட்டேன். பெக் மாடலின் பிரிட்ஜுக்குக் கீழே உள்ள உலோகக் கட்டைக்கும் பள்ளத்தின் சுவருக்கும் இடையே அளவான மரத்துண்டுகளை வைத்தால் அதுவும் அசையாத பிரிட்ஜ் ஆகிவிடும். விருப்பப்பட்டால் நாளை எடுத்துவிடலாம், கருவிக்கு எந்தச் சேதமும் இல்லை. கிளாப்டன் மாடலிலும் மரத்துண்டை எடுத்துவிடலாம். ஆனால் ஆறு திருகுகளில் நிற்கும் அந்தப் பழைய வகை பிரிட்ஜும், சாதாரண நட்டும், பூட்டில்லாத ட்யூனர்களும் பெக் போல வாசிப்பதைத் தாங்கி ஒவ்வொரு முறையும் சுருதிக்குத் திரும்பாது. ரோலர் நட் வைக்க வேண்டுமானால் நெக்கையே வெட்ட வேண்டும். ஆக, பெக்கைக் கிளாப்டன் போல ஆக்குவது எளிது. கிளாப்டனைப் பெக் போல ஆக்குவது எளிதன்று. நடுத்தர ஒலியை உயர்த்தும் வேலையை ஒரு பெடலும் ஓரளவு செய்யும்.

நெடுந்தந்தி எழுதியது:

பட்டறை ஐயாவின் கணக்கு பிரிட்ஜையும் நட்டையும் பொறுத்தவரை முற்றிலும் சரி. ஆனால் அவர் தொடாத ஒன்று நெக். பெடலால் ஒலியை மாற்றலாம், மரத்துண்டால் பிரிட்ஜை மாற்றலாம். நெக்கின் பின்புற வடிவத்தை மாற்ற முடியாது. இடக்கையால் கமகம் பிடிப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பெரிய வளைவு பிடிக்கும்போது கை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல் நெக்கின் மேல்விளிம்பைக் கவ்வுகிறது, சுட்டுவிரலின் அடிப்பகுதி கீழ்விளிம்பில் அழுந்துகிறது, மணிக்கட்டு திரும்புவதால் கம்பி வளைகிறது. மென்மையான 'வி' வடிவத்தில், கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் நெக்கின் நடுமுகடு போய் அமர்ந்துகொள்கிறது. திருப்புவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. பிளூஸ் வாசிப்பவர்கள் இந்த வடிவத்தை விரும்புவதற்குக் காரணம் அதுதான். 'சி' வடிவம், கட்டைவிரலை நெக்கின் பின்புற நடுவில் வைத்து வாசிப்பவருக்கு வசதியானது. ஃபிரெட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெக் மாடலின் ஃபிரெட்கள் சற்றுப் பெரியவை, கம்பியை வளைக்க அவை உதவும். கிளாப்டனின் ஃபிரெட்கள் பழைய பாணியில் சிறியவை. விரல் பலகையின் வளைவும் (9.5 அங்குல ஆரம்) ஃபிரெட்களின் எண்ணிக்கையும் (22) இரண்டிலும் ஒன்றே.

ஜாரு அவர்களுக்கு ஒரு சொல். கிடாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா அவர்களையும், மின்சார மாண்டலினில் வாசித்த யு. ஸ்ரீநிவாஸ் அவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஸ்ரீநிவாஸின் மாண்டலினில் பார் ஏது? இறங்கும் ஜாருவுக்கு, முன்கூட்டியே வளைத்து வைத்த கம்பியைத் தளர்த்துவதும், விரலை ஃபிரெட்களின் மேல் வழுக்குவதும் நமக்கு முன்பே இருக்கிற வழிகள்.

ஜாரு எழுதியது:

ஸ்ரீநிவாஸ் அவர்களை நினைவூட்டியதற்கு நன்றி; அதை ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே வளைத்துத் தளர்த்துவதில், தொடங்கும் சுரம் துல்லியமாக விழ வேண்டும் என்ற அச்சம் இருந்துகொண்டே இருக்கும், பாரில் அந்த அச்சம் குறைவு என்பதே என் கருத்து. ஆயினும், நிகழ்ச்சிக்கு நடுவே மூன்று கம்பிகளின் சுருதியை மாற்றுபவருக்கு மிதக்கும் பிரிட்ஜை நான் இனிப் பரிந்துரைக்கமாட்டேன். சுருதிப்பெட்டியுடன் தனியே அமர்ந்து வாசிப்பவராக இருந்தால் என் விடை மாறாது.

கார்வை, இரண்டையும் ஆம்ப்பில் இணைக்காமல், ஒலியே இல்லாமல், வெறும் கையால் வாசித்துப் பாருங்கள். ஒலி நன்றாக இருந்தால் கையின் குறை தெரியாமல் போய்விடும்.

கார்வை எழுதியது:

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். ஜாரு அவர்கள் சொன்னபடி முதலில் இணைக்காமலேயே வாசித்தேன்.

பெக் மாடலில் பாரைத் தொட்டவுடன் மகிழ்ச்சி வந்தது உண்மை. அவ்வளவு மென்மையாகப் போய் அதே இடத்துக்குத் திரும்பியது. ஆனால் இடக்கையால் தோடி வாசித்தபோது, காந்தாரத்தை நீட்டி நிறுத்தும் இடத்தில் என் மணிக்கட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. திறந்த சட்ஜம் இறங்குவதும் கேட்டது. கிளாப்டன் மாடலில் அதே பிடியை வாசித்தேன். நெடுந்தந்தி அவர்கள் எழுதியிருந்தபடி நெக்கின் முகடு உள்ளங்கையில் அமர்ந்தது, சட்ஜம் நின்ற இடத்தில் நின்றது. சிறிய ஃபிரெட்கள் எனக்கு இடையூறாக இல்லை.

பிறகு ஆம்ப்பில் இணைத்தோம். நடுத்தர ஒலியை உயர்த்தும் குமிழை முழுவதும் திருப்பினால் பிளூஸுக்கு நன்றாக இருக்கிறது, ராகத்துக்கு அது அதிகம். மூன்றில் ஒரு பங்கு திருப்பியபோது, கம்பியைத் தட்டிய பின் சுரம் நீண்டு நின்றது. ஒரே தட்டில் பல அசைவுகள் பிடிக்க வேண்டிய எனக்கு அந்த நீட்சி மிகவும் பயன்படும். இதை நான் முன்பு எண்ணிப் பார்க்கவில்லை.

கிளாப்டன் மாடலை வாங்குகிறேன். பட்டறை ஐயா, பணம் கொடுப்பதற்கு முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டறை எழுதியது:

நல்ல முடிவு. நெக்கைப் பற்றி நெடுந்தந்தி அவர்கள் சொன்னது என் கணக்கை விட உங்களுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது; எனக்கும் அதில் மகிழ்ச்சியே.

முதலில் பிக்கப்களைப் பாருங்கள். 2001க்குப் பிந்தையது என்றால் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஆறு காந்த முனைகள் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது பழைய லேஸ் சென்சார். அது குறையன்று, ஆனால் விற்பவர் சொல்லும் ஆண்டும் கருவியும் ஒத்துப்போக வேண்டும். பெயரை மட்டும் ஒட்டிய போலிக் கருவிகளும் சந்தையில் உலவுகின்றன. ஆகவே மூன்றாவது குமிழைத் திருப்பும்போது நடுத்தர ஒலி சீராக உயர்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது குமிழ் டிபிஎக்ஸ் என்ற தொனிக் கட்டுப்பாட்டு வகை. நடுவில் ஒரு சிறு தடை விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மின்கலம் எங்கே இருக்கிறது, அதை எடுக்க எதையெல்லாம் திறக்க வேண்டும் என்பதையும் விற்பவரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பின்மூடியைக் கழற்றி, மரத்துண்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் பாரைப் பயன்படுத்த விரும்பி அதை எடுத்திருக்கக்கூடும். எடுத்திருந்தாலும் கவலையில்லை, புதியது செய்து வைப்பது சிறு வேலை. முதல் மூன்று கம்பிகளில் 12ஆம் ஃபிரெட்டுக்கு மேல் பெரிய வளைவு பிடித்து, ஒலி பாதியில் அடைபடுகிறதா என்று சோதியுங்கள். நீங்கள் அதிகம் வாழப்போவது அங்கேதான். ஃபிரெட்களின் தேய்மானத்தையும் அங்கே பாருங்கள்.

ராகத்துக்காக இரண்டு உயர் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் இறக்குவதால், 009 கம்பித் தொகுப்பு (முதல் கம்பி 0.009 அங்குலத் தடிமன்) உங்களுக்குத் தளர்வாகிவிடும். 010 தொகுப்பைப் போட்டு, இறக்கிய சுருதியிலேயே நட்டின் பள்ளங்களையும் கம்பிகளின் உயரத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். வழக்கமான சுருதியில் சரிசெய்துவிட்டு இறக்கினால், கம்பிகள் ஃபிரெட்டில் படபடக்கும்.